புகையில் எல்லா நூலும் ஒரே நிறம்

புகையறைக் கதவைத் திறந்து, கண்ணெரிச்சல் அடங்கும்வரை நின்று, தலைக்கு மேலே தொங்கிய ஆறு கறி உருளைகளையும் அண்ணாந்து பார்த்தபோதுதான் அண்ணிக்கு விஷயம் உறைத்தது.

சிவப்பு நூல் கட்டியது கருமூஞ்சி ஆட்டின் கறி. மஞ்சள் நூல் கட்டியது கலப்பு ஆட்டின் கறி. அப்படித்தான் பேச்சு. அப்படித்தான் கட்டவும் கட்டினார்கள். இப்போது ஆறு உருளையிலும் இருந்தது ஒரே நூல். தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தது போல, அப்பட்டமான பழுப்பு.

"குட்டி, இங்க வா."

"சட்டைக்குக் காஜா எடுத்துட்டிருக்கேன் அண்ணி."

"காஜாவும் வேணாம் கூஜாவும் வேணாம். வா."

குட்டி வந்தாள். அண்ணியின் கணவனுக்குத் தங்கை, அதே கட்டடத்தின் முன்னறையில் தையல்கடை வைத்திருப்பவள். நாற்பதைத் தாண்டியவள், வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. சிறுவயதில் யாரோ வைத்த பேர், அதை எடுக்க அப்புறம் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணிக்கும் அதே கதைதான். இரண்டு பேருக்கு அண்ணியாக வந்தவள், போகப்போக உப்பு வியாபாரிக்கும் தபால்காரருக்கும்கூட அண்ணியாகிவிட்டாள்.

"சிவப்பு நூல் எது?"

"இதோ, இந்த..." குட்டியின் விரல் மேலே போனது. போன இடத்திலேயே நின்றது.

"சரி. மஞ்சள்?"

இன்னொரு விரலும் மேலே போய் நின்றது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, யாரோ துப்பாக்கி காட்டி மிரட்டியதுபோல் அவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அண்ணிக்கு வயிற்றுக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரிக்கக் கூடாத நேரம். அதனாலேயே அது அடங்கவில்லை.

"சிரிக்காதீங்க அண்ணி. மாட்டின வரிசை இருக்குல்ல? இடது பக்கம் நம்மது, வலது பக்கம் அது."

"புகை சமமா ஏறணும்னு கொக்கியை மாத்தி மாத்திப் போட்டது யாரு?"

"நான்."

"எதை எங்க போட்டே?"

"கை போன இடத்துல போட்டேன்." குட்டி கையை இறக்கினாள். "தப்பு நம்ம ரெண்டு பேர் மேலயும்தான். இத்தனை வருஷமா இந்தப் புகையில நிக்கறோம். என் வெள்ளைத் துப்பட்டா என்ன நிறத்துல இருக்கு பாருங்க. உங்க மூக்கு என்ன நிறத்துல இருக்கு பாருங்க. நூலு மட்டும் சிவப்பாவே இருக்கும்னு எந்த தைரியத்துல நெனச்சோம்?"

வேறு யாராக இருந்தாலும் ஒரு சீட்டோ தகரத்துண்டோ தொங்கவிட்டிருப்பார்கள். இவர்களுக்கு அது தோன்றவில்லை. காரணம், அடையாளம் போடவேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லை. இந்த அறையில் தொங்கியதெல்லாம் ஒரே இன ஆட்டின் கறிதான்.

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். முகம் மட்டும் கரி பூசியது போலிருக்கும், உடம்பு அழுக்குச் சாம்பல். முழங்காலுக்குச் சற்று மேல்தான் உயரம். கோபம் மட்டும் காளைமாட்டு அளவு. எந்தச் சுவரையும் தாண்டும். கல்லிடுக்கில் முளைத்த முள்ளையும் விடாது. மழையோ வெயிலோ, அதற்கு மருந்து என்று ஒன்று வாங்கியதில்லை. ஒரே ஒரு குறை, சதை வைக்காது. வெள்ளைக் கிடாவோடு சேர்த்த கலப்புக் குட்டி ஆறு மாதத்தில் காட்டுகிற எடையை இது இரண்டு வருடமானாலும் காட்டாது. அதனால் அக்கம்பக்கத்து மந்தைகளிலெல்லாம் வெள்ளைக் கிடா இறங்கிவிட்டது. கலக்காமல் மிச்சமிருந்தது அண்ணியின் கணவனுக்கும் குட்டிக்கும் நடுவில் பிறந்தவனுடைய மந்தை மட்டும். அண்ணி அவனைத் தம்பி என்பாள்.

அந்தத் தம்பிதான் போன வாரம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னான். "நானும் எவ்வளவு நாள் அண்ணி பிடிவாதம் பிடிக்கறது? வெள்ளைக் கிடா பேசிட்டேன். சனிக்கிழமை வருது. உங்க ஓட்டல்காரம்மா அதுக்குள்ள சரின்னு சொன்னா நிறுத்திடறேன். இல்லன்னா இறக்கிடுவேன்." சொல்லும்போது அவன் சுவரைப் பார்த்தான். ஒரு கிடா, ஒரு பருவம். அதற்குப் பிறகு பிறக்கும் எந்தக் குட்டிக்கும் கரி முகம் இருக்காது. இது இருவருக்கும் தெரியும்.

இன்று சனிக்கிழமை.

ஓட்டல்காரம்மா என்பவள் நகரத்துப் பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரி. சந்தையில் அண்ணியின் கடையில் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று மென்றவள். "நல்லா இருக்கு. ஆனா நல்லா இருக்கறது ஆடா, உங்க கைவண்ணமா? அது எனக்குத் தெரியணும். கைவண்ணம்னா வேற ஆட்டை வச்சும் நீங்க செஞ்சு தரலாம், விலையும் குறையும். ரெண்டு ஆட்டையும் ஒரே மாதிரி செஞ்சு வைங்க, வரேன்" என்றாள்.

அண்ணியும் விட்டுக்கொடுக்காமல், "கண்ணைக் கட்டிக் குடுத்தாலும் எது எங்க ஆடுன்னு சொல்லிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். புதிதாகச் சொல்லவில்லை. சந்தையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிற வசனம் அது. கை தானாகக் கத்தியைத் தீட்டுவது போல, வாய் தானாக அதைச் சொல்லும்.

"அப்போ என்ன கவலை?" குட்டி உருளைகளை இறக்கி மேசையில் அடுக்கினாள். "கண்ணைக் கட்டவே வேணாம். தின்னு பாத்துச் சொல்லிடுங்க. புது நூல் கட்டிடலாம்."

அண்ணி கத்தியை எடுத்தாள். முதல் உருளையின் நுனியிலிருந்து காகிதம்போல் ஒரு சீவல் சீவி வாயில் போட்டாள். உப்பு, புகை, கொழுப்பு. பழகிய வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது.

"நம்மது," என்றாள் நிம்மதியாக.

இரண்டாவது. உப்பு, புகை, கொழுப்பு.

"இதுவும் நம்மது."

மூன்றாவதைத் தின்றுவிட்டு அவள் முதலாவதிலிருந்து இன்னொரு சீவல் சீவிப் பார்த்தாள். நான்காவதை அவசரமாகத் தின்றாள். குட்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"நம்மது மாதிரிதான் இருக்கு."

"நாலும்?"

"நாலும்."

குட்டி மீதி இரண்டையும் தானே சீவித் தின்றாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பாட்டுக் கேட்பவள்போல் மென்றாள். "இது ரெண்டும்கூட நம்மதுதான். அண்ணி, ஆறும் நம்மதுன்னா அந்தக் கலப்பு ஆடு எங்க போச்சு? சுவரேறிக் குதிச்சிருச்சா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். குட்டி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேசை ஆடியதில் ஓர் உருளை உருண்டு கீழே போக, அதைப் பிடிக்கக் குனிந்த இருவரின் தலையும் முட்டிக்கொண்டன. கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்த பிறகு அண்ணி தரையிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

இத்தனை காலமும் நான் விற்றது ஆட்டையா, புகையையா?

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றதே இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இங்கே ஒரே ஆடுதான். ருசி வேறு என்று மாமியார் சொன்னார், கணவன் சொன்னான், அவளும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது அவளுடைய சொந்த அனுபவமாகவே ஆகிவிட்டது. ஒருமுறை சந்தையில் ஒரு பெண் கேட்டாள், "ஆட்டைக் காப்பாத்தணும்னும் சொல்றீங்க, வெட்டியும் விக்கறீங்க, இது என்ன நியாயம்?" "யாரும் திங்காத ஆட்டை யாரும் வளக்க மாட்டாங்கம்மா" என்று அண்ணி சட்டென்று பதில் சொன்னாள். நல்ல பதில்தான். ஆனால் அந்தப் பதில் நிற்பதற்கு ஒரு தூண் வேண்டும், அந்த ருசி உண்மையாக இருக்கவேண்டும். ருசி இல்லையென்றால், குட்டியாக மடியில் வைத்திருந்ததையெல்லாம் எதற்காகக் கத்திக்குக் கொடுத்தாள்?

"பேசாம ஏதாவது மூணை எடுத்துச் சிவப்பு நூலைக் கட்டிடுவோம்," என்றாள் குட்டி. "அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போவுது? நமக்கே தெரியல."

அண்ணிக்கு அந்த யோசனை ஒரு கணம் தேனாய் இனித்தது. புது நூல் கண்டைக்கூட எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து முன்னறையில், "வீட்ல யாரு?" என்ற குரல் கேட்டது.

ஓட்டல்காரம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஒல்லியாக, குட்டைமுடியோடு, கையில் தோல் உறை போட்ட சொந்தக் கத்தியோடு. புகையறை வாசலில் நின்று தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியையும், அவள் கையிலிருந்த சிவப்பு நூலையும், நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த குட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னம்மா, சண்டையா?"

குட்டிக்கு விக்கல் எடுத்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தால் அவளுக்கு எப்போதும் விக்கல்தான் வரும். அண்ணிக்குப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவள் கேட்ட கேள்விதானே இப்போது தன் கேள்வியும் என்று தோன்றியதும் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

"எது எதுன்னு தெரியலம்மா," என்றாள். நூல் கதையைச் சொன்னாள். கொக்கி கதையைச் சொன்னாள். "தின்னும் பாத்தோம். எங்களுக்கு ஆறும் ஒண்ணாத்தான் இருக்கு."

ஓட்டல்காரம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "புகையறைக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். "சிவப்பு நூலு..." என்றாள். அப்புறம் உப்பு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு சத்தமான சிரிப்பைவிட மோசமான தொற்று. விக்கலோடு சேர்ந்து குட்டியும் கிளம்பிவிட்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தால்தான் நிறுத்தமுடியும் என்ற நிலை வந்தது.

"சரி, சரி." ஓட்டல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படித் தின்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. புகைக்குள்ள நின்னுக்கிட்டு, பயந்துக்கிட்டு, குளிர்ந்த கறியை ஒண்ணு மேல ஒண்ணாத் தின்னா நாக்கு என்ன பண்ணும் பாவம்? வெளிய வாங்க. வெந்நீர் வைங்க."

தையல்கடையில் துணி வெட்டும் பலகையைக் காலிசெய்து ஆறு தட்டு வைத்தார்கள். தட்டுகளை வெந்நீரில் கழுவிச் சூட்டோடு துடைத்து, ஓட்டல்காரம்மா தன் கத்தியால் சீவல்களைப் பரப்பினாள். சூட்டில் கொழுப்பு மெல்லக் கண்ணாடியாக மாறியது. குட்டியின் பொத்தான் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு நிறமாக மூன்று மூன்று பொத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். எது கருமூஞ்சி என்று படுகிறதோ அந்தத் தட்டுக்கு அடியில் பொத்தானை ஒளித்துவைக்கவேண்டும். அடுத்தவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு மடக்கு வெந்நீர்.

"எனக்கு உங்க ஆடு எதுன்னு தெரியாது. ஆனா வேற வேறயா இருக்கான்னு சொல்லுவேன்," என்றாள் ஓட்டல்காரம்மா. "பிடிச்சதுக்கு அடியில என் பொத்தான்."

அண்ணி முதல் தட்டுக்குப் போனாள். இப்போது அவசரம் இல்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மனசு ஒரு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. உப்பும் புகையும் முதலில் வந்தன. அவற்றைப் போகவிட்டாள். பிறகு பஞ்சுபோல் ஓர் இதம், வெண்ணெய்போல் கரைந்து, விழுங்கியதும் முடிந்துபோனது. நல்ல கறி. அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். இது நல்லாத்தான் இருக்கு.

வெந்நீர். இரண்டாவது தட்டு.

உப்பு வந்தது, புகை வந்தது, போயின. கறி சற்று முரண்டுபிடித்தது, பல்லுக்கு வேலை வைத்தது. விழுங்கினாள். காலியாக இருக்கவேண்டிய தொண்டையில் ஏதோ நின்றது. காய்ந்த புல்லின் நுனியைக் கடித்தது போல் ஒரு மெல்லிய கசப்பு. அது போய்விட்டது என்று நினைக்கும்போது, கதவைத் தட்டாமல் திரும்பி உள்ளே வந்த மாதிரி ஓர் இனிப்பு. அண்ணி அசையாமல் நின்றாள். அது இருந்தது. மாமியார் சொன்னதோ கணவன் சொன்னதோ இல்லை. அவள் தொண்டையில், அவளுக்கே, இப்போது. தலைக்குள் யாரோ சன்னலைத் திறந்தது போலிருந்தது. கூவவேண்டும் போலிருந்ததை அடக்கிக்கொண்டு பொத்தானைத் தட்டுக்கடியில் தள்ளினாள். விரல் வழுக்கிப் பொத்தான் தரையில் உருண்டது.

"ஏமாத்து வேலை பண்ணாதீங்க அண்ணி!"

"விழுந்துருச்சுடி. உன் வேலையைப் பாரு."

மூவரும் முடித்ததும் ஓட்டல்காரம்மா தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். முதல் தட்டு, குட்டியின் பொத்தான் மட்டும். இரண்டாவது, அண்ணியுடையதும் ஓட்டல்காரம்மாவுடையதும். மூன்றாவது, மறுபடியும் அந்த இரண்டும். நான்காவது, குட்டி. ஐந்தாவது, குட்டி. ஆறாவதைத் தூக்குவதற்குள் மூவருக்குமே புரிந்துவிட்டது.

"அடேயப்பா," என்றாள் ஓட்டல்காரம்மா. "மூணு பேரும் ஆறையும் ஒரே மாதிரிதான் ரெண்டாப் பிரிச்சிருக்கோம். ஒரு தட்டுகூட மாறல."

"நான் மட்டும்தான் வேற பக்கம் நிக்கறேன்," என்று குட்டி தட்டுகளை முறைத்தாள். "இது மெத்துனு இருக்கு. நல்ல ருசி. நல்ல ருசி நம்மதாத்தானே இருக்கணும்?"

"அது கலப்புடி."

"எப்படிச் சொல்றீங்க? காலையில நாலையும் நம்மதுன்னு சொன்ன வாய்தானே இது?"

அண்ணி தட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வித்தியாசம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எது யாருடையது? குட்டியும் இந்த வீட்டுக் கறி தின்று வளர்ந்தவள்தான், அண்ணியைவிட அதிக வருடம். குட்டி சொல்வது சரியென்றால், ஓட்டல்காரம்மா விரும்பியது கலப்பு ஆட்டை. அப்படியானால் இன்று சாயங்காலம் வெள்ளைக் கிடா வந்து இறங்கும், அதுவும் இந்தம்மாவின் ஆசீர்வாதத்தோடு.

"நிரூபிக்க வழியே இல்லையா?" என்றாள் ஓட்டல்காரம்மா.

குட்டி வாயைத் திறந்தாள். மூடினாள். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி! தையல் போட்டேனே!"

"என்ன தையல்?"

"சுருட்டும்போது கறி வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரு தையல் போட்டுட்டுத்தான் சுருட்டினேன். அதே நூல்ல! உள்ளுக்குள்ள புகை எங்க போயிருக்கும்?"

தையல்காரியின் கை. துணியானாலும் கறியானாலும் நழுவினால் ஒரு தையல். கை செய்ததை மனசு குறித்து வைக்கவில்லை. காலையிலிருந்து விடை மேசைமேலேயே கிடந்திருக்கிறது. இவர்கள் தலையை முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது தட்டுக்குரிய உருளையை ஓட்டல்காரம்மா பலகையில் வைத்து நடுவில் ஒரே வெட்டாக வெட்டினாள். மூன்று தலைகள் குனிந்தன. அடர்ந்த சிவப்புச் சதைச் சுருளுக்கு நடுவில் எது கறி எது நூல் என்று தெரியவில்லை. குட்டி ஊசியால் நெருடி, ஒரு நுனியைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நீளமாக வந்தது.

சிவப்பு. அன்று வாங்கியது போல.

யார் முதலில் கத்தியது என்று தெரியாது. அண்ணி ஓட்டல்காரம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டாள், கையில் கத்தி இருப்பதைக்கூடப் பார்க்காமல். மற்ற ஐந்தையும் வெட்டினார்கள். தேவையே இல்லை, ஆனாலும் நிறுத்த மனமில்லை. சிவப்பு வரும்போதெல்லாம் குட்டி கைதட்டினாள். மஞ்சள் வரும்போதெல்லாம் தோற்றவள் போல உதட்டைப் பிதுக்கினாள், மறுகணமே அந்த மஞ்சள் உருளையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மெத்துனு இருக்கறது சுலபமா விக்கும், பொய் சொல்லமாட்டேன்," என்றாள் ஓட்டல்காரம்மா. "ஆனா சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போறவங்க பாதி வழியில நின்னு, அது என்னன்னு யோசிக்கறது இதைத்தான். எனக்கு இது வேணும். ஒவ்வொரு மாசமும். எவ்வளவு தருவீங்க?"

அண்ணி மனசுக்குள் மந்தையை நடக்கவிட்டுப் பார்த்தாள். எத்தனை பெட்டை, எத்தனை கிடா, எத்தனையை விட்டுவைக்கவேண்டும். "இப்போ இருக்கறதை வச்சுக் கொஞ்சம்தான்ம்மா முடியும். பெருகினா தரலாம்."

"அப்போ பெருக்குங்க."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அண்ணிக்குக் கால் தரையில் இல்லை. தொலைபேசியை எடுத்தாள். தம்பி எடுத்ததும் முதலில் கேட்டது அவன் குரல் இல்லை. கனமான, கரகரத்த, பெரிய உடம்பிலிருந்து வருகிற ஓர் ஆட்டின் கத்தல்.

"தம்பி, எங்க இருக்க?"

"வண்டியில வந்துட்டிருக்கேன் அண்ணி. கிடாவை ஏத்தியாச்சு. பாலத்துக்கிட்ட வந்துட்டோம்."

"இறக்காதே. திரும்பிப் போ."

"என்ன?"

"சரின்னுட்டாங்க! நம்ம ஆடுதான் வேணுமாம். மாசாமாசம். உன் மந்தையே பத்தாது தம்பி, இன்னும் பெருகணும். திரும்பு!"

"நெசமாவா அண்ணி?" என்றான். உடனே ஓட்டுநரிடம் ஏதோ சொன்னான். ஓட்டுநர் பதிலுக்குக் கத்தினார். கிடா இருவரையும் மிஞ்சிக் கத்தியது.

"ஒத்தையடிப் பாதை மாதிரி ரோடு அண்ணி. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சுவரு. எங்க திருப்பறதுன்னு கேக்கறாரு."

"பாலத்துக்கு முன்னாடி மாவு மில் வாசல் இருக்குல்ல, அங்க!" குட்டி தொலைபேசிக்குள் தலையை நுழைத்தாள். "பின்னாடி எடுக்கச் சொல்லு! பின்னாடி!"

"ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கச் சொல்லுங்க," என்று ஓட்டல்காரம்மாவும் சேர்ந்துகொண்டாள். வாயில் கறி இருந்தது. "வாய்க்காலைப் பாத்து!"

"வரலாம், வரலாம்... தம்பி, சுவர் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு விரக்கடை அண்ணி."

"நிறுத்து! முன்னாடி! இப்போ முன்னாடி போகச் சொல்லு!"

கண்ணால் பார்க்காத ஒரு வண்டியை, பார்க்காத ஒரு சாலையில், மூன்று பெண்கள் தையல்கடையில் நின்றபடி கையை ஆட்டி ஆட்டித் திருப்பினார்கள். அண்ணியின் கை காற்றில் பெரிய வட்டமாகச் சுழன்றது. தம்பி ஏதோ சொன்னான். கிடா கத்தியது. எஞ்சின் உறுமி, திணறி, ஓர் உலுக்கு உலுக்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"திரும்பிருச்சு அண்ணி," என்றான் தம்பி.